சீட்டில் கிடந்த ஜாக்கெட்

காலை ஆறு மணியிலிருந்து நானும் என் மனைவி சசிகலாவும் பேசிக்கொள்ளவில்லை. காரணம், ஒரு தூக்கு புளிசாதம். எங்கள் கீழ் கோத்தகிரி எஸ்டேட் சூப்பர்வைசர்கள் குடும்பத்தோடு அணைக்குப் போய், படகில் சுற்றி, காட்டு விலங்குகளைப் பார்த்து வருவதாக ஏற்பாடு. வேன் பாதி வழி வந்த பிறகுதான் தூக்கைக் காணோம் என்று தெரிந்தது. "நீதான் மறந்துட்ட" என்று நான் சாதித்தேன். "நீங்கதான்" என்றாள் அவள். அதோடு பேச்சு நின்றது.

படகில் பன்னிரண்டு சீட்டு. எல்லோருக்கும் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டான் படகோட்டி நெல்சன். நான் முன்னால் உட்கார்ந்தேன். அவள் வேண்டுமென்றே கடைசி வரிசையில் ஓர சீட்டுக்குப் போனாள். போகட்டுமே என்று விட்டேன். எனக்கும் ரோஷம் இருக்காதா?

அக்கரையில் அரை மணி நேரம் இறக்கிவிட்டான். புல்மேட்டில் ஏறிச் சோலையோரம் நின்று கருமந்திகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். நெல்சன் படகின் முன்னால் நின்றுகொண்டு, விரலை நீட்டி ஆரஞ்சு ஆரஞ்சாக எண்ணினான். "பன்னெண்டு. போலாமுங்க."

நடு அணையில் ஒரு பாறை மேல் நீர்நாய்க் குடும்பம். பெரியது மீனை இரண்டு கையிலும் பிடித்து நறுக் நறுக்கென்று கடித்தது. குட்டிகள் அதன் மேல் ஏறி விழுந்து பிடுங்கின. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சண்டையெல்லாம் மறந்து, "ஏம்புள்ள, அங்க பாரு!" என்று திரும்பினேன்.

ஓர சீட்டில் ஜாக்கெட் மட்டும் இருந்தது. ஆள் இல்லை.

பஸ்ஸில் துண்டைப் போட்டு இடம் பிடிப்போமே, அதே மாதிரி ஜாக்கெட்டைக் கழற்றி சீட்டின் முதுகில் மாட்டிவிட்டு இறங்கியிருக்கிறாள் மகராசி. நெல்சன் அதையும் ஓர் ஆளாக எண்ணிவிட்டான்.

"சசி எங்க?"

பக்கத்து சீட்டு ஜானகி திகைத்துப் போனாள். "ஒதுங்கப் போனாங்கண்ணா. வந்து உங்ககூட ராசியாயி முன்னால உக்காந்துட்டாங்கன்னு நெனச்சேன்."

"திருப்புடா படக!" என்று நான் போட்ட கத்தலில் நீர்நாய்கள் தண்ணீருக்குள் குதித்து ஓடிவிட்டன.

நெல்சனிடமிருந்து பைனாகுலரை வாங்கிப் பார்த்தேன். சோலையிலிருந்து ஆறு காட்டெருமைகள் தண்ணீர் குடிக்க இறங்கிக்கொண்டிருந்தன. சற்று முன் நாங்கள் நின்ற அதே இடம். அவளைக் காணவில்லை. காட்டெருமை முட்டித் தூக்கியவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் நான். மாரியம்மா, மாரியம்மா என்று வாய் தானாக முணுமுணுத்தது. இத்தனைக்கும் தினமும் காலையில் எழுபது பேரை நிற்கவைத்துப் பேர் கூப்பிடுவது என் வேலை. ஒருத்தருக்குப் பதில் இன்னொருத்தர் 'இருக்கேன்' என்று குரல் கொடுத்தால் எஸ்டேட்டே அதிரக் கத்துவேன். கட்டிய பெண்டாட்டி ஏறினாளா என்று பார்க்க எனக்குத் துப்பில்லை!

கரை நெருங்கியதும் நெல்சன் இஞ்சினை நிறுத்தினான். "சத்தம் போடாதீங்கண்ணா, மெரண்டுரும்" என்றான். அப்போதுதான் மேட்டில் ஒரு பாறைக்குப் பின்னால் நீலச் சேலை தெரிந்தது. ஒரு கை மெல்ல உயர்ந்து, அங்கேயே இருங்கள் என்று சைகை காட்டியது. உயிரோடு இருக்கிறாள்! அப்பாடா என்று பலகையில் சாய்ந்துவிட்டேன்.

காட்டெருமைகள் நிதானமாகக் குடித்து, நிதானமாகவே மேலேறிப் போயின. அதற்குள் எனக்கு ஒரு யுகம் ஓடியது. அப்புறம் சசிகலா சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு இறங்கி வந்தாள். நான் முழங்கால் தண்ணீரில் குதித்து ஓடினேன். "அறிவிருக்கா?" என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது.

"புளிசாதத்த நாந்தாம்புள்ள மறந்தேன். கதவப் பூட்டறப்ப செவுத்து மேல வெச்சேன்."

"அது தெரியுமுங்க. நீங்களா எப்பச் சொல்லுவீங்கன்னுதான் இருந்தேன்" என்றாள். "என்ற சீட்டுல யாரும் உக்காரலையே?"

ஜானகி எழுந்து எனக்கு இடம் விட்டாள். ஜாக்கெட்டை நானே அவளுக்கு மாட்டி, பக்கிளையும் இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன். முகம் செத்துப் போயிருந்த நெல்சன் இந்த முறை விரலை நீட்டவில்லை. டிக்கெட் போட்டபோது பேர் எழுதிய தாளை எடுத்து ஒவ்வொரு பேராகப் படித்தான்.

"சசிகலா."

அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "இருக்கா! இங்கதான் இருக்கா!"