இளையவள் மறுபடியும் மடிக்கிறாள்

திருத்த வந்த கட்டுரையில் இரண்டாம் பக்கத்தின் நடுவில் வந்ததும் அவள் விரல்கள் விசைப்பலகை மேல் அப்படியே நின்றுவிட்டன. "இந்த வீட்டில் மூத்தவள் மடித்துவைக்கும் துணிகளை இளையவள் பிரித்து மறுபடியும் மடிக்கிறாள். மூத்தவள் கழுவிக் கவிழ்த்த தம்ளர்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறாள். வாயைத் திறந்து ஒரு குறையும் சொல்வதில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்." அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த இளையவள் வேறு யாருமில்லை, அவளேதான்.

பல்கலைக்கழகத்தின் கட்டுரைத் திருத்த மையத்தில் அவளுக்கு வேலை. நூலகத்துக்குப் பின்னால் ஒடுக்கமான ஓர் அறை, நான்கு மேசை, எப்போது பார்த்தாலும் தாள் சிக்கிக்கொள்ளும் ஒரு பிரின்டர். மாணவர்களின் கட்டுரைகள் பெயரில்லாமல், எண் மட்டும் போட்டுக் கணினியில் வரும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்து, பிழையைத் திருத்தி, ஓரத்தில் பச்சை எழுத்தில் யோசனை சொல்லி அனுப்ப வேண்டும். எழுதியவர் சொல்ல வந்த விஷயத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது. ஆனால் மாணவர்களுக்கோ பச்சை எழுத்துதான் வேதவாக்கு. 'இது தேவையா?' என்று லேசாகக் கேட்டால் போதும், மறுநாள் அந்தப் பத்தியே இருக்காது.

அவளுடைய மாமியார் தபால் அலுவலகக் கவுன்ட்டரில் முத்திரை குத்தியே காலம் தள்ளியவர். ஓய்வு பெற்ற கையோடு இதே பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிக்கச் சேர்ந்துவிட்டார். பேனாவைக் கொண்டையில் செருகிக்கொள்ளும் கவுன்ட்டர் பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. 'ஒரு வீட்டைக் கவனித்து எழுதுக' என்ற கட்டுரை பேராசிரியரிடமிருந்து ஏற்கெனவே ஒருமுறை திரும்பி வந்திருந்தது. "இதுவும் திரும்பி வந்துச்சுன்னா மூட்டை கட்டிடுவேன்மா. இந்த வயசுல எனக்கு என்ன தலையெழுத்தா?" என்று நேற்றுத்தான் சொன்னார். நான் பார்த்துத் தருகிறேன் அத்தை என்றதற்கு, "நாள் பூரா அதைத்தானே பார்க்கிற, வீட்லயுமா?" என்று மடிக்கணினியைப் படக்கென்று மூடினார். என்ன கரிசனம் என்று அப்போது உருகிப்போனாள். கரிசனத்தின் லட்சணம் இப்போதல்லவா தெரிகிறது.

சொந்தக்காரர்களின் கட்டுரை வந்தால் மேலாளரிடம் சொல்லிவிட வேண்டும். எழுந்து போனாள்.

"சார், இப்ப வந்தது எங்க மாமியார் எழுதினது மாதிரி இருக்கு."

"பேரே இல்லையேம்மா. எதை வெச்சுக் கண்டுபிடிச்சீங்க?"

சொல்வதென்றால் துணியையும் தம்ளரையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மேலாளர் ஆவலோடு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"சும்மா தோணுச்சு சார்," என்று திரும்பிவந்து உட்கார்ந்தாள்.

மிச்சத்தையும் படித்தாள். "இப்போதெல்லாம் மூத்தவள் வேண்டுமென்றே கோணலாக மடிக்கிறாள். நேராக மடித்துவைத்த அன்று இளையவளின் முகம் வாடிவிடுகிறது." கோபமாகத்தான் இருந்தது, ஆனால் பொங்கிக்கொண்டு சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரி திரும்பிப் பார்த்தாள். மற்ற பத்தியெல்லாம் பாடப்புத்தகத்தைப் பார்த்து எழுதிய சக்கை. உயிர் இருந்தது இந்த ஒன்றில்தான். இதை எடுத்தால் கட்டுரை தேறாது. விட்டால் தன் மானம் பேராசிரியர் வரை போகும், அவரோ மதியம் பல்கலைக்கழகக் கேண்டீனில் இவளுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவர். 'இந்தப் பத்தி தேவையா' வரை தட்டிவிட்டாள். காலையில் பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடும் அத்தையின் முகம் நினைவுக்கு வந்தது. தபால் அலுவலகத்துக்குப் போன காலத்தில் அந்த முகத்தில் அப்படியொரு மலர்ச்சியை அவள் பார்த்ததே இல்லை. தட்டியதை அழித்துவிட்டு எழுதினாள்: 'மிக நல்ல பத்தி. இன்னும் ஓர் உதாரணம் இருந்தால் வலுப்பெறும்.'

அனுப்பிய பிறகுதான் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது உறைத்தது. இனி எந்தத் துணியையும் தொடுவதில்லை என்று வீடு வரும் வழியெல்லாம் சபதம் செய்துகொண்டாள்.

சோபாவில் துவைத்த துணிகள் மலைபோல் குவிந்திருந்தன. இருவரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து மடித்தார்கள்.

"யாரோ புண்ணியவான், நல்லா இருக்குன்னு எழுதியிருக்காரும்மா," என்றார் அத்தை. "இன்னும் ஒரு உதாரணம் கேக்கறாரு. காலையில கொடுத்தாகணும்."

"கொடுத்துடுங்க அத்தை."

"எங்கிருந்து கொடுக்கிறது? புதுசா ஒண்ணும் நடக்கமாட்டேங்குதே."

அத்தை மடித்த துண்டு நடுவில் கிடந்தது, ஒரு மூலை கிழக்கே, ஒரு மூலை மேற்கே. சபதம் அதோடு போயிற்று. வழக்கமாக அத்தை அந்தப் பக்கம் திரும்பிய பிறகு செய்வதை இன்று கண்ணெதிரிலேயே செய்தாள். உதறினாள், மூலையோடு மூலை சேர்த்தாள், உள்ளங்கையால் நீவி வைத்தாள். அத்தை அசையவில்லை. அது பழைய செய்தி.

அடுத்து இருந்தது அவளே மடித்துவைத்த துண்டு. ஓரம் ஒரு நூல் பிசகியிருந்தது. யாருக்காகவும் இல்லை, சத்தியமாகக் கை தானாகவே போயிற்று. எடுத்து, பிரித்து, உதறினாள்.

எதிரே அத்தையின் கை மெல்ல மெல்லக் கொண்டையிலிருந்த பேனாவுக்குப் போயிற்று.