மூன்று விரல்களுக்குச் சாட்சி

"கொஞ்சம் நடந்து காட்டுங்க தம்பி" என்றார் ஷரஃபுதீன்.

கச்சேரி ரோட்டுச் சந்து ஒன்றில் இருந்த காஷிஃபின் வீட்டுக் கூடம் அது. மே மாதப் பிற்பகல். மின்விசிறி சுற்றியும் எல்லோருக்கும் கழுத்து நனைந்திருந்தது. நாங்கள் வெறுங்காலோடு உட்கார்ந்திருக்க, காஷிஃப் மட்டும் கறுப்புக் காலுறை போட்டிருந்தான். எழுந்து ஜன்னலிலிருந்து பீரோ வரை நடந்தான், திரும்பி வந்தான். வலது கால் தரையில் பதியும்போதெல்லாம் தட்டையாக ஒரு சத்தம் வந்தது. கல்யாணப் பேச்சில் பெண்ணைத்தான் நடக்கச் சொல்வார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அவன் கேட்காமலே இன்னொரு சுற்றும் வந்து, "போதுமா மாமா, இல்ல ஓடியும் காட்டணுமா?" என்றான். அவன் அப்பா அக்பர் பாஷா மட்டும் சிரிக்கப் பார்த்தார்.

ஷரஃபுதீன் சிரிக்கவில்லை. பெண் சாய்மாவின் தாய்மாமா அவர். ராயப்பேட்டையில் மருந்துக் கடை. "முப்பது வருஷமா கடையில உக்காந்துகினு கீறேன் பாய். கால் வெரல எடுக்கறாங்கன்னா ஒண்ணு சக்கரை. இன்னொண்ணு, அத என் வாயால சொல்ல வேணாம். நீங்க பனின்றீங்க. மெட்ராஸ் பையனுக்குப் பனியில வெரல் போச்சுன்னு என் தங்கச்சிகிட்ட நான் எப்படிப் போய் சொல்றது? சிரிக்க மாட்டா?"

ஆஸ்பத்திரிக் காகிதங்கள் டீப்பாய் மேல் இருந்தன. அவர் அவற்றைத் தொடவில்லை. காகிதம் எப்படியெல்லாம் கிடைக்கும் என்று மருந்துக் கடைக்காரருக்குத் தெரியாதா?

"அதுக்குத்தான் ரங்கன வரச் சொன்னேன். கூடவே இருந்த புள்ள. தோள்ல போட்டுக் கீழ கொண்டாந்தவன்" என்றார் அக்பர் பாஷா. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நானும் காஷிஃபும் தி. நகரில் ஒரே காப்பீட்டு அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசை. இமயமலையில், ஜோஷிமட்டுக்கு மேலே அவுலியில் பத்து நாள் பனிச்சறுக்குப் பயிற்சி என்ற விளம்பரத்தைக் கத்தரித்து வைத்தவன் நான். அடையாறு கிளை நூலகத்தில் எடுத்த மொழிபெயர்ப்பு நாவல்களில் எனக்குப் பதினைந்து வயதிலிருந்து பனி பெய்துகொண்டிருந்தது. படித்துவிட்டு வெளியே வந்தால் சைக்கிள் சீட் சுடும். காஷிஃபுக்கு அந்த ஆசையெல்லாம் கிடையாது. "ஃபேன மூணுல வெச்சாலே எனுக்கு சளி புடிச்சிக்கும் மச்சி" என்றவனை மூன்று வாரம் நச்சரித்துக் கூட்டிப்போனேன். போன வருஷம் பிப்ரவரியில்.

இதையெல்லாம் ஷரஃபுதீனிடம் சொல்லவில்லை. பயிற்சியின் கடைசி நாள் நாங்கள் இரண்டு பேர் மட்டும் மலை ஏறினோம் என்று ஆரம்பித்தேன்.

"சறுக்குறதுன்னா மேலேர்ந்து கீழ வர்றதுதானே? ஏறுறது எப்படி?"

சறுக்குக் கட்டையின் அடியில் ஒரு நீளப் பட்டையை ஒட்டிக்கொள்வோம் என்றேன். அதில் ரோமம் பின்பக்கமாகப் படுத்திருக்கும். முன்னால் தள்ளினால் வழுக்கும், பின்னால் வராது. குதிகாலை மட்டும் தூக்கித் தூக்கி நடக்கலாம். மேலே போனதும் பட்டையை உரித்துப் பைக்குள் போட்டுவிட்டுச் சறுக்கிக்கொண்டு இறங்க வேண்டியதுதான்.

"பூனை முதுக தடவுற மாதிரி. ஒரு பக்கம் போவும், எதிர்ப்பக்கம் தடுக்கும்" என்றார். அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்குத்தான் பேச்சு தடுக்கியது.

காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். மரங்கள் முடிகிற இடத்தில் திரும்பிவிட வேண்டும் என்பது பயிற்சியாளரின் உத்தரவு. காஷிஃபுக்குக் கொடுத்த வாடகை பூட்ஸ் இறுக்கம். அதற்குள்ளும் இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறை போட்டிருந்தான். இரண்டு போட்டால் இரண்டு மடங்கு சூடு, எங்கள் ஊர்க் கணக்கு. இறுக்கினால் ரத்தம் ஓடாது என்று பிறகு டாக்டர் சொன்னார். தேவதாரு மரங்களுக்கு நடுவே என் கட்டைகள் போட்ட தடத்திலேயே அவன் வந்தான். சரக், சரக் என்ற சத்தமும் எங்கள் மூச்சும் தவிர அங்கே எதுவும் இல்லை. நான் அத்தனை வருஷம் படித்த அமைதி அதுதான், எழுத்துக்கு எழுத்து. "ஐஸ் பொட்டிக்குள்ள நடந்துகினு கீறோம் மச்சி. எவனாவது மூடிய சாத்தினான்னா நாம குல்ஃபிதான்" என்று பின்னாலிருந்து கத்தினான். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது.

பதினொரு மணிக்கு மரங்கள் முடிந்தன. எதிரே வெள்ளையாக ஒரு மேடு மட்டும். அதன் மேல் ஏறினால் நந்தாதேவி சிகரம் முழுசாகத் தெரியும் என்று கேள்விப்பட்டிருந்தேன். காஷிஃப் கையிலிருந்த ஊன்றுகம்புகளின் மேல் சாய்ந்து நின்றான். "வலது கால் வெரலெல்லாம் ஊசியால குத்துது. திரும்பிடலாமா?"

"அந்த மேடு வரைக்கும்தான்டா."

பின்னாலேயே வந்தான். அரை மணி நேரம் ஏறினோம். பிறகு திடீரென்று உற்சாகமாக, "மச்சி, வலி போயே போச்சு! ஒண்ணுமே தெரியல!" என்றான். மூக்கு சிவந்து, கண்ணில் தண்ணீரோடு, முகமெல்லாம் சிரிப்பு.

"வலி நின்னதும் சரியாயிடுச்சுன்னு நெனச்சோம் சார்" என்று ஷரஃபுதீனிடம் சொன்னேன்.

காஷிஃப் அப்படி நினைத்தான். நான் நினைக்கவில்லை. எனக்கு ஒரு நாவலின் பக்கம் ஞாபகம் வந்தது. தோற்றுத் திரும்பும் படையில் ஒரு சிப்பாய்; இரவெல்லாம் கால் வலியில் அழுதவன், விடிகிற நேரத்தில் வலி நின்றுவிட்டது என்று சிரிக்கிறான். கூட நடக்கிறவன் அதைக் கேட்டு அலறி, அவனைக் கீழே தள்ளி, பூட்ஸைக் கத்தியால் கிழித்து, அந்தக் காலைத் தன் சட்டைக்குள் வயிற்றோடு வைத்து அணைத்துக்கொள்கிறான். நூலகப் பிரதியில் அந்த வரிகளுக்குக் கீழே யாரோ பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள். அந்தக் கோடு வரைக்கும் எனக்கு அங்கே, அந்தச் சரிவில், ஞாபகம் வந்தது. மேட்டுக்கு இன்னும் அரை மணி. இப்போது இறங்கினால் இந்த ஜென்மத்தில் இன்னொரு தடவை வர மாட்டேன்.

"நல்லதாப் போச்சு, வா" என்றேன்.

மேட்டிலிருந்து நந்தாதேவி தெரிந்தது. காஷிஃப் பனியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றான். நான் இருபது நிமிஷம் நின்று பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. இல்லையென்று சொல்ல முடிந்தால் தேவலை.

இறங்கும்போது பத்தடிக்கு ஒரு முறை விழுந்தான். "கால எங்க வெக்கிறேன்னே தெரியல மச்சி. வேற எவன் காலோ மாதிரி கீது" என்று முதலில் சிரித்தான், பிறகு சிரிக்கவில்லை. அவன் கட்டைகளையும் சுமந்து, கடைசி இரண்டு மணி நேரம் அவனையும் தோளில் தாங்கிக்கொண்டு வந்தேன். எல்லோருக்கும் தெரிந்த பகுதி இது. மாலையில் பூட்ஸைக் கழற்றியபோது மூன்று விரல்கள் மெழுகுவர்த்தி நிறத்தில் இருந்தன. சென்னைக்கு வருவதற்குள் கறுத்துவிட்டன. பெருவிரலையும் அடுத்த இரண்டையும் எடுத்தார்கள். இப்போது ஹவாய் செருப்பு அவன் காலில் நிற்காது. பள்ளிவாசலில் எல்லோர் முன்னாலும் காலைக் கழுவ வேண்டியிருப்பதால் வீட்டிலேயே தொழுகிறான்.

"வலியே இல்லாம வெரல் சாவுமா தம்பி?" என்று கேட்டார் ஷரஃபுதீன்.

"சாகும் சார். முதல்ல குத்தும். குத்தறது நின்னா அதுதான் ஆபத்து. உடனே பூட்ஸைக் கழட்டி உடம்புச் சூட்டுல வைக்கணும்." பாடம் ஒப்பிப்பது போலக் கடகடவென்று சொல்லிவிட்டேன்.

அவர் நிமிர்ந்தார். "இவ்ளோ தெளிவா சொல்றீங்களே. அன்னிக்குத் தெரியலையா?"

உள்கதவுத் திரைக்குப் பின்னால் வீட்டுப் பெண்களின் வளையல் சத்தம் நின்றது. காஷிஃப் என்னைப் பார்த்தான். கோபமெல்லாம் இல்லை. பஸ்ஸின் நம்பரைப் படிக்கிறவன் போல, கண்ணைக் கொஞ்சம் இடுக்கிக்கொண்டு பார்த்தான்.

"இல்ல சார். அப்புறம்தான் படிச்சேன்."

அவன் குனிந்து தன் காலுறையைச் சரி செய்தான்.

ஷரஃபுதீன் எழுந்து என்னைக் கட்டிக்கொண்டார். "விவரம் தெரியாத புள்ளைங்க. வியாதி இல்லன்னா சரி, தங்கச்சிகிட்ட நான் பேசிக்கிறேன். சிநேகிதன்னா உன்ன மாதிரி இருக்கணும்பா." ரோஸ்மில்க் வந்தது. அக்பர் பாஷா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. உண்மையைச் சொல்லியிருந்தாலும் இந்தக் கல்யாணத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று ரோஸ்மில்க்கைக் குடித்துக்கொண்டிருந்தபோது தோன்றியது. பனிதான் காரணம் என்று தெரிந்தால் அவருக்குப் போதும். நான் பொய் சொன்னது எனக்காக மட்டும்.

வழியனுப்ப வந்த காஷிஃப் பஸ் நிறுத்தத்தில் நிற்காமல் நாகேஸ்வர ராவ் பூங்காவுக்குள் நுழைந்தான். நிழலில் ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"ஒத்துக்குவாங்க போலிருக்கு" என்றேன்.

"ஒத்துப்பாங்க. நீ நல்லா சொன்ன." நடைபாதையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "போவும்போது ரயில்ல, நாக்பூர் தாண்டி, ஒரு கத சொன்னியே. சிப்பாய், பூட்ஸு, கத்தி."

நான் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தேன்.

"மேல் பர்த்ல நான் தூங்கிட்டேன்னு நெனச்சிருப்ப. கேட்டுகினுதான் இருந்தேன். கால வயித்துல வெச்சுப்பான்ல, அந்த எடத்த நீ ரெண்டு தடவ சொன்ன."

"காஷிஃப்..."

"மலைல எனுக்கு அது சுத்தமா மறந்து போச்சு மச்சி. ஆஸ்பத்திரில படுத்திருக்கும்போதுதான் ஞாபகம் வந்துச்சு." என் பக்கம் திரும்பினான். "நீயும் மறந்துட்ட, இல்ல?"

ஒரு வருஷமாக வைத்திருந்த கேள்வி. பதிலையும் அவனே கூடச் சேர்த்துக் கொடுத்துவிட்டான். நான் தலையாட்டினால் போதும்.

"மறந்துட்டேன்டா" என்றேன்.

"ம்" என்றான்.

பிறகு குனிந்து வலது ஷூவின் கயிற்றை அவிழ்த்தான். காலுறையை உரித்தான். இத்தனை நாளில் அந்தக் காலை எனக்குக் காட்டியதில்லை. ஒரு கணம் பார்த்துவிட்டு, நடக்க வந்தவர்களைப் பார்க்க ஆரம்பித்தேன். அவன் ஷூவின் முன்பக்கத்தில் இரண்டு விரலை விட்டு, அடைத்திருந்த பஞ்சை இழுத்து எடுத்தான். வியர்வையில் நனைந்து, விரல்கள் இருக்க வேண்டிய இடத்தின் வடிவத்திலேயே கெட்டிப்பட்டிருந்தது. அதைத் தரையில் போட்டுவிட்டு வெறும் காலை வெயில் பட்ட இடத்தில் நீட்டிக்கொண்டான்.

மரத்திலிருந்து ஓர் அணில் இறங்கி வந்தது. நின்றது, வாலை உதறியது, இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தது. முன்னங்கால்களால் பஞ்சைப் பிடித்து, பிய்த்து, வாய் நிறையத் திணித்துக்கொண்டு அடிமரத்தில் விறுவிறுவென்று ஏறியது. மேலே கிளைப் பிளவில் எங்கேயோ அது கூடு கட்டிக்கொண்டிருக்க வேண்டும். காஷிஃப் காலை அசைக்காமல் உட்கார்ந்திருந்தான். மிச்சத்துக்காக அது தலைகீழாகத் திரும்பவும் இறங்கி வந்துகொண்டிருந்தது.