கற்பிட்டிக்கு இரண்டு வான்

1

வான் புறப்பட இன்னும் நாற்பத்தொரு மணித்தியாலம் இருந்தது.

இந்த வாக்கியம் என்னுடையதல்ல. என்னோடு ஒரே பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் பெண் சொன்னது. அவளுக்கு றுஸ்னா என்று பெயர் வைத்திருக்கிறேன். "கதையா எழுதுங்கோ. ஆனா முடிவை எழுதாதேங்கோ" என்றாள். யோசிக்காமல் ஓம் என்றுவிட்டேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: கற்பிட்டிக் கடலில் டொல்பின்கள் கூட்டமாகத் துள்ளி –

விட்டுவிட்டேன். இந்தக் கதை கடல்வரை போகாது.

2

அடுத்த மாதம் றுஸ்னாவுக்கும் செட்டிகுளத்து ஸஜாதுக்கும் நிக்காஹ். போரில் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த காலத்தில் இரண்டு குடும்பங்களும் கற்பிட்டிப் பக்கம் வெவ்வேறு அகதி முகாம்களில் இருந்தவை. அப்போது ஒருவரையொருவர் தெரியாது. பழகிய சனம் பலர் இன்னும் அங்கேதான். கலியாணத்துக்கு நேரில் போய்ச் சொல்ல வேண்டும். அப்படியே டொல்பினும் பார்க்கலாம். குடும்பத்துக்கு ஒரு வான் வண்டி. கடற்கரையோரம் அறைகளும் பேசியாயிற்று.

தண்ணீரூற்றிலுள்ள தங்கள் வீட்டில் றுஸ்னா கைபேசியில் படகின் படத்தைக் காட்டினாள்.

"இவ்வளவு தூரம் போய் டொல்பின் வராட்டி?" என்றார் வாப்பா மஹ்றூப்.

"நீங்க குதியுங்கோ வாப்பா. டொல்பின் எண்டு சொல்லிப் படம் எடுக்கிறம்" என்றான் அவளுடைய மூத்த சகோதரன் அஸ்மின் நானா.

உம்மா ஸக்கியா சிரிக்கவில்லை. நேற்று மத்தியானம்வரை இந்தப் பயணத்துக்கு அவர்தான் தலைவி. பின்னேரத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கியிருந்தார். கடலில் காற்று கூடுதலாம். வான் பயணம் ஒத்துக்கொள்ளாது. போனில் சொன்னால் காணும், நேரில் வேண்டாம்.

3

ஸக்கியாவை என்னால் நம்ப முடியவில்லை. அரை நாளில் ஒரு மனிசி இப்படி மாறுவாரா? நானே ஒரு காரணம் எழுதிப் பார்த்தேன்: முகாமின் கிடுகுக் குடிசையும் உப்புத் தண்ணீரும் அவர் மனதில் இன்னும் –

இல்லை. குடிசையையும் தண்ணீரையும் பற்றி அவர் எத்தனையோ தரம் சிரித்துக் கதைத்திருக்கிறார்.

[நான் விலங்கியல் படித்தவள். கிடைத்த முடிவு விளங்காவிட்டால் அவசரப்பட்டு ஒரு காரணத்தை ஒட்டக்கூடாது என்று படித்திருக்கிறேன். றுஸ்னாவும் படித்திருக்கிறாள். இருந்தும் ஒட்டினாள்: உம்மாவுக்கு ஸஜாதைப் பிடிக்கவில்லை. கலியாணத்தை நிற்பாட்டப் போகிறார்.]

4

குசினிக்குள் போய்க் கேட்டாள்.

"ஸஜாதைப் பிடிக்கேல்லையோ உம்மா?"

"அல்லாஹ்வே! தங்கமான பிள்ளை."

"அப்ப ஏன் போக வேணாம் எண்டுறீங்க?"

ஸக்கியா அடுப்பை நிற்பாட்டினார். "நேத்து அவன்ட உம்மா போன் எடுத்தவ. அவன் பிறந்த கையோட அவவுக்கு வருத்தம் கடுமையாகி ஆஸ்பத்திரியில ரெண்டு மாசம் கிடந்தவவாம். பிள்ளையை மாமியார் பக்கத்து முகாமுக்குத் தூக்கிக்கொண்டு போய், அங்க ஒரு மனிசிதான் பாத்ததாம். மாமியாரும் மௌத்தாகி அடக்கியாச்சாம், அந்த மனிசிட பேர் ஒருத்தருக்கும் தெரியாதாம். இந்தப் பயணத்தில அவவைத் தேடிப் பிடிச்சுக் கலியாணத்துக்குக் கூப்பிடோணுமாம்."

"நல்ல விசயம்தானே! தேடுவம்."

ஸக்கியா மகளின் முகத்தைப் பார்த்தார்.

5

இந்த இடத்தில் என் கையில் ஒரு வழி இருந்தது. எழுதினேன்: "சோறு ஆறுது, வா" என்றார் ஸக்கியா. இரண்டு வானும் புறப்பட்டன. தேடிய மனிசி அகப்படவில்லை. நிக்காஹ் நடந்தது.

வாசிக்க நன்றாகவே இருந்தது. அதுதான் என்னைப் பயப்படுத்தியது. வெட்டினேன்.

நடந்ததை என்னிடம் சொன்ன அன்று றுஸ்னா அழவில்லை. அடி விழுந்த ஆள் எங்கே நோகிறது என்று தேடுவதுபோல இருந்தாள். "மரபணுப்படி பாத்தா ஒண்டுமில்லைத்தானே?" என்று கேட்டாள்.

"ஒண்டுமில்லை" என்றேன்.

"மார்க்கத்தில தடை இருக்கு."

வான் போனதா, ஸஜாதிடம் யார் சொன்னது, அவன் என்ன சொன்னான் – அவளுக்குக் கொடுத்த வாக்குப்படி இவற்றை நான் எழுதவில்லை. உங்களிடம் விடுகிறேன். நான் எழுதக்கூடியது குசினியில் ஸக்கியா வாய் திறந்ததுவரைதான்.

"தேடத் தேவையில்லை, மகள். அப்ப அஸ்மின் கைப்பிள்ளை. ஒரு வயசான மனிசி வீரிட்டு அழுற பிள்ளையோட வாசல்ல வந்து நிண்டா. பிள்ளைக்குப் பசிக்குது எண்டு சொன்னா. ஆர்ட பிள்ளை, என்ன பேர் எண்டு ஒண்டும் கேக்காம வாங்கினன்."

"உம்மா…"

"ரெண்டு மாசமும் அவனுக்குப் பால் குடுத்தது நான். என்ட பால் குடிச்சவன் மார்க்கத்தில என்ட பிள்ளை. ஸஜாத் உனக்கு நானா."