அடிக்கப்பட்ட ஐந்து பெயர்கள்

வெர்னெல் டிஸ்டேல் அன்று காலையில் காபியை அப்படியே ஆறவிட்டாள். மேசைமேல் கிடந்த தாளில் அவளுடைய வகுப்பின் இருபத்திரண்டு மாணவர்களும், அவரவர் ஆராயத் தேர்ந்தெடுத்த பழைய வழக்குகளும் வரிசையாக இருந்தன. பதினோராவது வரி: ஒடெசா கிரையர், லூதர் மேப்ரி வழக்கு. இன்று பேச வேண்டியவள் அவள்தான்.

‘இனம், குற்றம், சட்டம்’ என்பது பாடத்தின் பெயர். ஜார்ஜியாவில் அந்தப் பல்கலைக்கழகத்தில் பன்னிரண்டு வருஷமாக வெர்னெல்தான் அதை நடத்துகிறாள். வழக்கு முடிந்துபோனால் அரசுத் தரப்பின் குறிப்புகளை யார் வேண்டுமானாலும் எழுதிக் கேட்டு வாங்கலாம், வாங்கிப் படியுங்கள் என்று மாணவர்களைக் கிளப்பிவிட்டவளும் அவளே. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்றால் இதுதான். அரசு வழக்கறிஞர் அலுவலகம் புதுக் கட்டடத்துக்கு மாறியபோது அந்தக் காகிதமெல்லாம் குப்பைக்குப் போயிருக்கும் என்று நம்பிவிட்டாள்.

ஏனென்றால் பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், லூதர் மேப்ரி வழக்கில் தீர்ப்புச் சொல்ல உட்காரும் பொதுமக்களான ஜூரிகளை அரசுத் தரப்பில் பொறுக்கி எடுத்தவள் அவள். வேண்டாத பெயர்களை அடிக்கலாம்; ஆனால் நிறத்துக்காக அடிக்கக் கூடாது, வேறு காரணம் காட்ட வேண்டும் என்பது சட்டம். அப்போது அந்த அலுவலகத்தில் இருந்த ஒரே கறுப்பின வழக்கறிஞர். மேலதிகாரி ஹோய்ட் பாஸ்மோருக்கு ஒரு வழக்கம் இருந்தது. கறுப்பு ஜூரிகளின் பெயரை அடிக்க வேண்டிய நாள்களில் அவர் நாற்காலியில் சாய்ந்துகொள்வார். அவளை எழுந்து நிற்கச் சொல்வார். கறுப்புப் பெண்ணே எழுந்து நின்று வேண்டாம் என்றால் எந்த நீதிபதி வாயைத் திறப்பார்? வெர்னெல் அதைத் தனக்குக் கிடைத்த பெருமை என்று நினைத்தாள். அம்மாவிடம் தொலைபேசியில் சொல்லிக்கொள்ளவும் செய்தாள். இப்போது நினைத்தாலும் அவளுக்குக் கூசுகிறது.

மேப்ரிக்கு ஆயுள் தண்டனை. ஒரு கடைக் கொள்ளை, மழையில் பார்த்த ஒரே சாட்சி. இப்போது அவனுடைய வக்கீல் மறுவிசாரணை கேட்டிருக்கிறார்; மார்ச் ஒன்பதாம் தேதி நீதிமன்றம் கேட்கப்போகிறது. நிறத்துக்காகத்தான் பெயர்களை அடித்தோம் என்று அடித்தவளே சொன்னால் அவன் வெளியே வர வழி உண்டு. இரண்டு மாதத்துக்கு முன் அந்த வக்கீல் வெர்னெலுக்குக் கடிதம் எழுதினார். வெர்னெல் ஒரே வரியில் பதில் போட்டாள்: எனக்கு நினைவில்லை.

பத்து மணிக்கு வகுப்பு. ஒடெசா திரையில் ஒரு தாளைப் போட்டாள். ஜூரிப் பட்டியல். ஆறு பெயர்களுக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி, ஐந்தின் மேல் கோடு, ஓரத்தில் சாய்வான கையெழுத்தில் காரணங்கள். அதே கையெழுத்து வாராவாரம் சிவப்பு மையில் இந்தப் பிள்ளைகளின் கட்டுரைகள்மேல் விழுகிறது. யாராவது கண்டுபிடிக்கிறார்களா என்று வெர்னெல் முகம் முகமாகப் பார்த்தாள். யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அடியில் வழக்கறிஞரின் பெயர் இருந்த இடத்தில் கறுப்பு நாடா ஒட்டியிருந்தது. ஒட்டியவளுக்குத் தெரிந்திருக்கிறது.

“பச்சைப் புள்ளின்னா கறுப்பு ஆளுங்க. மொத்தம் ஆறு பேரு,” என்றாள் ஒடெசா. “அஞ்சு பேரை அடிச்சாச்சு. மிச்சம் வச்ச ஒருத்தர் ஷெரீஃப் ஜெயில்ல சமையல்காரர், போலீஸ்கிட்ட சம்பளம் வாங்குறவரு.”

“அவரை மட்டும் விட்டுட்டாங்களா, பெரிய மனசுதான்!” என்றாள் பின் வரிசையில் டாவியா. ஒடெசாவைப் போல அவளும் கறுப்புப் பெண்.

“காரணத்தைக் கேளுங்க. முதல் ஆளு யாரையும் நிமிர்ந்தே பாக்கலையாம். ரெண்டாவது ஆளு முறைச்சு முறைச்சுப் பாத்தாராம்.”

“அடப்பாவிகளா, பாத்தாலும் குத்தம், பாக்காட்டியும் குத்தமா?”

வகுப்பு சிரித்தது. வெர்னெலும் சிரிப்பதுபோல் உதட்டை இழுத்துக்கொண்டாள்.

“மூணாவது ஆளுக்குக் கடை இருந்த தெருவுல வீடு. அதே தெருவுல வீடு இருந்த வெள்ளைக்காரரு ஜூரியில உக்காந்துட்டாரு. நாலாவது பையனுக்கு வயசு பத்தாது, இருபத்தெட்டுதான். இருபத்திமூணு வயசு வெள்ளைக்காரப் பொண்ணுக்கு மட்டும் வயசு பத்திருச்சு. அஞ்சாவது, மிஸஸ் ஐனெஸ் கல்லர்ஸ். வாயில சூயிங்கம், கோர்ட்டுக்கு மரியாதை இல்லை.” ஒடெசா தாளைக் கீழே வைத்தாள். “அவ்வளவுதான். ஒரு மணி நேரத்துல முடிஞ்சுபோச்சு.”

முன் வரிசையில் கோல்பி கையைத் தூக்கினான். வெள்ளைக்காரப் பையன்; அப்பா நெடுஞ்சாலைப் போலீஸ்காரர். நன்றாகப் படிக்கிற பையன். வம்புக்குப் பேசுகிறவன் இல்லை.

“ஒரு சந்தேகம் மேடம். விசாரணைப் பதிவுல நாப்பத்தியொண்ணாம் பக்கத்துல நீதிபதி என்ன சொல்றாரு பாருங்க. ‘அரசு வழக்கறிஞரும் அதே இனத்துப் பெண்மணி, அவரிடம் பாரபட்சத்தைத் தேட மாட்டேன்’னு சொல்றாரு. தன் ஆளுங்களையே ஒருத்தங்க நிறம் பாத்து ஒதுக்குவாங்களா?”

“ஒதுக்கச் சொன்னா ஒதுக்குவாங்க,” என்றாள் டாவியா.

“சொன்னாங்கன்னு எங்க இருக்கு? காட்டு. உள்நோக்கத்தை நிரூபிக்கணும்னு மேடம்தானே சொல்லிக்கொடுத்தாங்க? ஒடெசா, உன்கிட்ட நிரூபணம் இருக்கா?”

ஒடெசா அவனைப் பார்க்கவில்லை. வெர்னெலைப் பார்த்தாள்.

“என்கிட்ட இல்லை. அதை மேடம்தான் சொல்லணும்.”

இருபத்திரண்டு முகங்களும் வெர்னெல் பக்கம் திரும்பின. வழக்கறிஞர் சங்கம் என்ன செய்யும், துறைத் தலைவர் என்ன சொல்வார், பன்னிரண்டு வருஷமாக இந்த மேடையில் நின்று சம்பாதித்த பெயர் என்ன ஆகும், எல்லாம் ஒரே நேரத்தில் மனதில் முட்டி மோதின. தப்பிக்க வழியும் இருந்தது. ஆசிரியர்கள் எப்போதும் சட்டைப்பையில் வைத்திருக்கும் வாக்கியம்: நல்ல கேள்வி, அடுத்த வாரம் விரிவாகப் பேசுவோம்.

“நல்ல கேள்வி, கோல்பி,” என்று ஆரம்பித்தும் விட்டாள்.

ஒடெசாவின் முகம் அப்படியே இருந்தது. இந்த நழுவலைத்தான் அவள் எதிர்பார்த்து வந்தாள் என்று வெர்னெலுக்குப் புரிந்தது. அது செருப்பால் அடித்ததுபோல் இருந்தது.

“மிஸஸ் கல்லர்ஸ் வாயில சூயிங்கம் இல்லை,” என்றாள் வெர்னெல்.

திரைக்குப் பக்கத்தில் போய் அந்தப் பெயரின்மேல் விரலை வைத்தாள்.

“ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தாங்க. உதடு மட்டும் அசைஞ்சுது. பக்கத்துல போய் நின்னேன், காதுல விழுந்துது. யாருக்கும் அநியாயம் பண்ணிடாம இருக்கணும்னு கேட்டுக்கிட்டிருந்தாங்க. பேரை முதல்ல அடிச்சோம், காரணத்தை மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல உக்காந்து எழுதினோம். அந்தக் கையெழுத்து என்னுது. பச்சைப் புள்ளி வச்சவரு என் மேலதிகாரி பாஸ்மோர். கறுப்பா இருக்கிறவங்களை அடின்னு வாயைத் திறந்தே சொன்னாரு. நான் எழுந்து நின்னு அடிச்சேன்.”

“மேடம்...” என்று டாவியா பாதி எழுந்தாள்.

ஒடெசா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். “லூதர் எனக்கு மாமா. எங்கம்மாவோட தம்பி. உங்க பதிலை வக்கீல் படிச்சுக் காட்டினப்ப மாமாகூட நானும் ஜெயில்ல உக்காந்திருந்தேன். நினைவில்லைன்னு எழுதியிருந்தீங்க.”

“பொய் எழுதினேன்.”

“தனியா கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே. ஏன் எல்லார் முன்னாடியும்?”

“தனியா சொன்னா நாளைக்கே மாத்திப் பேசிருவேன், ஒடெசா. என்னை எனக்குத் தெரியும். மார்ச் ஒன்பதாம் தேதி கோர்ட்டுல இதையே சொல்றேன். அதுக்குள்ள எனக்குப் பயம் வந்து பின்வாங்கினா, நீங்க இருபத்திரண்டு பேரும் சாட்சி.”

“இருபத்தொண்ணு,” என்றாள் ஒடெசா. “நான் அவரோட அக்கா மகள். என் பேச்சை அங்க எவன் நம்புவான்? டாவியா பேச்சைத்தான் எவன் நம்புவான்?”

கோல்பிக்குக் காது மடல்வரை சிவந்துவிட்டது. பையிலிருந்து நோட்டை எடுத்து, மேலே தேதியைப் போட்டான்.

“என்னை நம்புவாங்க,” என்றான், தலையைத் தூக்காமலே.

அதற்கு யாரும் சிரிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. வெர்னெல் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். அவன் எழுதிக்கொண்டான்.