சாய்தளத்தைப் பற்றி யார் பேசினார்கள்?

சனிக்கிழமை காலை. கோபன்ஹேகனில் அந்தப் பழைய அடுக்கு வீட்டின் முற்றத்தில் குடியிருப்போர் கூட்டம் கூடியிருந்தது. கையில் காப்பி, வாயில் வெண்ணெய் தடவிய ரொட்டி. வாசலில் நாலு படி. இடுப்பெலும்பு முறிந்து சக்கர நாற்காலிக்கு வந்துவிட்ட கெர்டாவுக்காக அங்கே சாய்தளம் போடலாமா என்பதுதான் கேள்வி. வேண்டாமென்று முடிவானால், முப்பது வருடம் வாழ்ந்த வீட்டைக் காலி செய்வதைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை.

பிரெபென் எழுந்தார். கப்பல் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சில் அவரை மடக்க ஆளில்லை.

"இன்னைக்கு சாய்தளம். நாளைக்கு லிஃப்ட். அடுத்த வருஷம் கட்டடத்தையே இடிச்சுக் கட்டச் சொல்லுவாங்க, பாருங்க!"

கைதட்டல் வேறு! லிஃப்ட் கேட்டது யார் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பிரெபென் கெர்டா பக்கம் திரும்பினார்.

"அதோட, சலவை ரூம் மெஷின்ல துணியை அப்படியே விட்டுட்டுப் போறவதானே கெர்டா நீ? வசதியைப் பத்தி நீ பேசலாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கி இறக்கிவிட்டிருந்த கெர்டா தலையைக் குனிந்துகொண்டாள். மாடி வீட்டு மால்டெவுக்குப் பொறுக்கவில்லை.

"இதை எதிர்க்கறவன் மனுஷனே இல்ல!"

கெட்டது காரியம். அதுவரை தயங்கியவர்களும் முறைத்தார்கள்.

கூட்டக் குறிப்பு எழுதும் பொடில் பேனாவை நிறுத்தினாள். யார், என்ன காரணம் சொன்னார் என்று எழுதி, ஓட்டுப்போடக் கை தூக்கும் முன் வாசித்துக் காட்டுவது அந்த வீட்டின் வழக்கம். எழுதியதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கே வியப்பாக இருந்தது.

"வாசிக்கிறேன். பிரெபென்: யாரும் கேக்காத லிஃப்ட், கெர்டாவோட துணி. மால்டெ: எதிர்க்கறவங்க மனுஷங்க இல்ல. சாய்தளத்தைப் பத்தி... ஒண்ணுமே இல்லையே! என்ன எழுதட்டும்?"

"கிண்டலா பண்றே?" என்று சீறினார் பிரெபென்.

"சத்தியமா இல்லப்பா. தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். சாய்தளம் வந்தா உனக்கு என்ன கஷ்டம்?"

பிரெபென் பிடரியைச் சொறிந்தார். தன்னையே அவர் அப்படிக் கேட்டுக்கொண்டதில்லை.

"வாசப்படி பக்கத்துல நான் சைக்கிள் நிறுத்தற இடம் போயிடும். அப்புறம் நிலவறைக்குத்தான் தூக்கிட்டு இறங்கணும். முட்டி வலி... சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"அட மனுஷா!" என்றாள் கெர்டா. "என் ஜன்னலுக்குக் கீழ நிறுத்திக்கோயேன். சைக்கிள் மணிச் சத்தம் கேக்கும். கேட்டுட்டுப் போறேன்."

சாய்தளம் வேண்டுமென்று எல்லாக் கைகளும் உயர்ந்தன. கடைசியாக உயர்ந்தது பிரெபெனின் கை.

"இதையும் எழுதிக்கோ பொடில்," என்றார் அவர். "எதிராளி வாயை அடைச்சிட்டா ஜெயிச்சுட்டோம்னு இவ்வளவு நாளா நினைச்சிருந்தேன். ஆளைக் குத்தறதும், நடக்காததைச் சொல்லி பயமுறுத்தறதும் காரணம் ஆகாது. எதைப் பத்திப் பேச்சோ, அதுக்கு பதில் சொல்லணும். இன்னைக்கு என் வாயால ஒருத்தி வீட்டை இழந்திருப்பா."