இருபத்தெட்டு அங்குலம் குறைவாக

என் பெயர் லனெட். வயது ஐம்பத்து மூன்று. உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். எடையைச் சொல்ல மாட்டேன், ஆனால் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. வயோமிங்கில் எங்கள் பள்ளத்தாக்கில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். உறைந்து கிடக்கும் முட்டுச்சந்தில் நாற்பதடிப் பேருந்தை ஒரே மூச்சில் திருப்பிவிடுவேன். பனிமேல் மோட்டார் சைக்கிள் போல ஏறி ஓட்டும் பனிவண்டியைத்தான் இருபத்தோரு வருடமாகத் திருப்ப முடியவில்லை.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கணவன் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப் பனிவண்டி வாங்குவான். அவன் இறங்கிய வண்டியில் மனைவி ஏறிக்கொள்வாள். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. ஆனால் அதைக் கேள்வி கேட்ட பெண் ஒருத்தியையும் நான் பார்த்ததில்லை, நான் உட்பட. என் கணவன் கெண்டல் மின்கம்பி இழுக்கும் வேலையில் இருக்கிறான். ஆறடி நாலு அங்குலம், அதற்கேற்ற அகலம். அவனுக்குப் பட்டை எப்போதும் நூற்று எழுபத்து நாலு அங்குலம். வண்டிக்கு அடியில் சுழலும் ரப்பர்ப் பட்டையைத்தான் சொல்கிறேன், முழுச் சுற்றையும் அளந்தால் வரும் நீளம் அது. நீளப் பட்டை புதுப்பனியில் மிதக்கும், செங்குத்தில் விடாமல் ஏறும், ஆனால் லேசில் திரும்பாது. குட்டைப் பட்டை கூப்பிட்ட பக்கம் திரும்பும், ஆனால் அவ்வளவு உயரம் போகாது. மலையில் ஓட்டுகிறவர்கள் இதற்காகக் கிறிஸ்துமஸ் விருந்தில்கூடச் சண்டை போடுவார்கள்.

கெண்டல் இறங்கிய வண்டிகளைத்தான் நான் ஓட்டினேன், பனியில் புதைந்து மாட்டிக்கொண்டேன். ஊசியிலை மரங்களுக்கு நடுவே, ஓடைப் பள்ளத்தில், சமயத்தில் வண்டி நிறுத்துமிடத்தைத் தாண்டிய நூறாவது அடியில். கெண்டல் மண்வெட்டியோடு வருவான். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. "நீ தள்ளிக்க, நான் பாத்துக்கறேன்" என்பான். அவன் அண்ணன் வெர்ல் மட்டும் தூரத்தில் நின்றுகொண்டு கணக்கு வைப்பான்.

"இது இன்னிக்கி நாலாவது. லனெட் போற எடத்துலயே கெணறு வெட்டிக்கலாம்டா, பாதிக் குழி அவளே போட்டுக் குடுத்துடறா."

மரமில்லாத பெரிய சரிவுகளில் நான் ஏறுவதே இல்லை. காரணம் இருக்கிறது. அங்கே பனி மொத்தமாகப் பெயர்ந்து இறங்கக்கூடும் என்பதால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஏறலாம். மாட்டிக்கொண்டால் உதவிக்கு யாரும் வரக்கூடாது. தன்னால் திரும்ப முடியாதவளுக்கு அங்கே என்ன வேலை? ஆகவே நான் கீழே நின்று எல்லோருடைய மதிய உணவுக்கும் காவல் இருப்பேன்.

போன மார்ச் மாதம் நான் மனதுக்குள் ஒரு முடிவுக்கு வந்தேன். வருகிற பனிக்காலத்தில் ஒரு முழு நாள், ஒரே ஒரு நாள், என் வண்டியை இன்னொருவர் கை தொடாமல் ஓட்ட வேண்டும். முடியாவிட்டால் ஹெல்மெட்டை ஆணியில் மாட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட வேண்டியதுதான். பனியில் ஓட்டுவதைப் போல எனக்குப் பிடித்தது உலகத்தில் வேறில்லை. அதனால்தான் இதைக் கெண்டலிடம் சொல்ல வாய் வரவில்லை.

ஏப்ரலில் என் பிறந்தநாளன்று, காலை உணவு மேசையில் கெண்டல் ஒரு தாளை நீட்டினான். அடுத்த பருவத்துக்கான வண்டியை எங்கள் பக்கத்தில் வசந்தத்திலேயே சொல்லிவைத்துவிடுவார்கள். நிறம், எஞ்சின், பட்டை எல்லாம் நாம் கேட்டபடி தொழிற்சாலையில் செய்து அனுப்புவார்கள். தாளில் என் பெயர் இருந்தது. நிறம், ஊதா.

"என்னோட பழசு இல்ல. உனக்குன்னே புதுசு," என்றான்.

"பட்டை?"

"நூத்தி எழுவத்தி நாலு. இனிமே நீ நடுவுல நிக்கவே வேணாம். அமுக்கினா உச்சியிலதான் போய் நிக்கும். அங்க நான் இருப்பேன்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மேசையைச் சுற்றிப் போய் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. நீளப் பட்டையிலேயே இத்தனை தடவை மாட்டுகிறவள் குட்டைப் பட்டையில் என்ன கிழிப்பாள்?

மறுநாள் வண்டிக்கடையிலிருந்து ஷௌனா கூப்பிட்டாள். ஆர்டர் எழுதுகிறவள் அவள்தான். என்னைவிட ஒரு அங்குலம் குள்ளம், வாய் மட்டும் ஒரு முழம் நீளம்.

"லனெட், இந்தத் தாள நீ பாத்தியா இல்லியா?"

"பாத்தேனே. ஊதா. ஏன், ஊதா இல்லியா?"

"கலரத் தூக்கிக் குப்பையில போடு. நூத்தி எழுவத்தி நாலுன்னு எழுதியிருக்கு. அவ்ளோ நீளத்த வெச்சுகிட்டு என்ன பண்ணப் போற, துணி காயப்போடப் போறியா?"

"நான்தான் அடிக்கடி மாட்டிக்கறேனே ஷௌனா."

"எதுல மாட்டிக்கற? கெண்டல் வண்டியில. அவன் ஷூவப் போட்டுக்கிட்டு ஓடினா நான்கூடத்தான் விழுவேன். இதோ பாரு, பதினஞ்சாம் தேதி வரைக்கும்தான் மாத்த முடியும். மலமேல இன்னும் பனி கெடக்கு, வியாழக்கெழம வா. என் வண்டிய நீ ஓட்டு, உன்னுத நான் ஓட்டறேன்."

அவளுடையது நூற்று நாற்பத்தாறு. எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை வருடம் கழித்து வண்டிமேல் பழி போடுவதா? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாகிவிடுமே! வெர்ல் காதில் விழுந்தால் அடுத்த பத்து வருடத்துக்கு அவனுக்குப் பேச்சுப் பஞ்சமே இருக்காது.

இருந்தாலும் போனேன். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, மாலைப் பேருந்து நடைக்கு முன் திரும்பிவிடுவதாக ஏற்பாடு. முதல் திருப்பத்திலேயே விழுந்தேன். கெண்டலின் வண்டியைச் சாய்க்க வேண்டுமென்றால் கைப்பிடியைப் பிடித்து உடம்பு மொத்தத்தையும் வெளியே வீச வேண்டும். அதே பழக்கத்தில் இதிலும் வீசினேன். ஷௌனாவின் வண்டி நான் சொன்னதைவிட அதிகமாகவே கேட்டது. அப்படியே புரண்டு, நான் கீழே, அது மேலே.

"அவ்ளோ மொரட்டுத்தனம் வேணாம்மா!" ஷௌனா வண்டியை விட்டு இறங்காமலேயே கத்தினாள். "லேசா ஒரு பார்வ பாரு, போதும்!"

நானே தள்ளி நிமிர்த்தினேன். நானே! அது நிமிர்ந்தது என்பதை நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு பாதத்தை ஓரமாக அழுத்தி, இடுப்பைச் சற்றே சாய்த்தேன். வண்டி மரத்தைச் சுற்றிக்கொண்டு வந்தது. இன்னொரு மரம், அதற்கடுத்தது. இரண்டு மணி நேரம் ஓட்டினேன். ஷௌனாதான் என் வண்டியை இரண்டு முறை மரத்தடியில் செருகிவிட்டு, என் கணவனின் முன்னோர்களை எல்லாம் பெயர் சொல்லித் திட்டினாள். கூடம் நிஜமாகவே கோணல்தான்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். திரும்பும் வழியில் ஒரு வெற்று மேடு. ஷௌனா என் நீளப் பட்டையில் அதன் தலைக்கே ஏறிப்போனாள். நான் முக்கால்வாசியில் திணறினேன். திரும்பித்தான் இறங்க வேண்டியிருந்தது. ஆனால் திரும்பினேன்.

சனிக்கிழமை கெண்டல் கொட்டகையில் வண்டிக்கு கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தான்.

"கெண்டல், அந்த ஆர்டர மாத்தணும்."

"ஊதா வேணாமா? எனக்கும் கொஞ்சம் டவுட்டாத்தான் இருந்துச்சு."

"ஊதா இருக்கட்டும். நீளம்தான். நூத்தி நாப்பத்தாறு."

சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினான். வியாழக்கிழமை நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவன் ஒரு காலி வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தான். கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான்.

"அப்ப இருவத்தொரு வருஷமா உன்னத் தோண்டி எடுத்தவனும் நான்தான், குழியில எறக்கினவனும் நான்தான்."

"நீ எறக்கல. நானும் வாயத் தொறந்து கேக்கல."

"உன்னால முடியலன்னு நெனச்சிட்டேன், லனெட்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

அது அவனைவிட எனக்குத்தான் அதிகமாக வலித்தது. பிறகு அவன் பேரம் பேச ஆரம்பித்தான், சந்தைக்கு மாடு ஓட்டி வந்தவனைப் போல.

"நூத்தி அறுவத்தஞ்சு?"

"வேணாம்."

"நூத்தி அம்பத்தி நாலு. அதுக்குக் கீழ போகாத."

"கெண்டல், உனக்கு என்னதான் பிரச்சன?"

அவன் என்னைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்துச் சொன்னான். "குட்டைய வெச்சுகிட்டு நீ உச்சிக்கு வர மாட்ட. மேல போயி எஞ்சின அணைச்சா எப்படி இருக்கும் தெரியுமா? ஒவ்வொரு தடவையும் உன்கிட்ட காட்டணும்னு திரும்புவேன். நீ கீழ சாப்பாட்டு மூட்டையோட ஒரு புள்ளியா நிப்ப. அதுக்குத்தான் அந்த நீளம் போட்டேன்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு நொடி, அவன் சொன்னதற்கே சரியென்று சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் உச்சியில் போய்த்தான் நிற்கும் என்ற வண்டி, உச்சிக்கு முன்னால் நின்றுவிட்டால்? யாரும் வர முடியாத இடத்தில், என்னால் திருப்ப முடியாத ஒன்றின்மேல் நான்.

"எனக்கும் உன்கூட நிக்க ஆசதான்," என்றேன். "ஆனா எங்க போனாலும் நானே போயி நானே திரும்பணும். அது இல்லாம உச்சி எனக்கு வேணாம்."

ஞாயிறு முழுக்க உம்மென்று இருந்தான். திங்கட்கிழமை காலை, நான் கேட்காமலேயே ஷௌனாவை அழைத்து மாற்றச் சொன்னான்.

வண்டி அக்டோபரில் வந்தது. ஊதா கொஞ்சம் கண்ணைப் பறித்தது, அது வேறு விஷயம். ஜனவரி நடுவில், நாலு நாள் கொட்டி ஓய்ந்து, பனி இறுகிப் படிந்த ஒரு காலையில் நாங்கள் மூன்று பேரும் மேலே போனோம். மதியம் வரை மரங்களுக்குள் ஓட்டினோம். நான் எங்கேயும் மாட்டவில்லை. வெர்ல் இரண்டு முறை வண்டியை நிறுத்தி, எனக்காகக் காத்திருந்து, ஏமாந்து போனான்.

"என்ன லனெட், பொழுதே போக மாட்டேங்குது எனக்கு."

"தையல் கத்துக்க வெர்ல்."

பிறகு ஒரு மொட்டைச் சரிவு. ஒரு மரம்கூட இல்லாததால் அதற்கு வெர்ல் தலை என்றே பெயர். ஆண்கள் ஓரத்தில் குழி வெட்டிப் பனியடுக்குகளைத் தட்டிப் பார்த்தார்கள். அடுக்குகள் பெயராமல் நன்றாகப் பிடித்திருந்தன. முதலில் வெர்ல் உச்சிக்குப் போய், மேட்டுக்கு அப்பால் ஒதுங்கி நின்றான். கெண்டல் என்னைப் பார்த்தான். நான் சாப்பாட்டு மூட்டையை அவன் வண்டியில் வைத்துவிட்டு விசையை அமுக்கினேன்.

பனி நெஞ்சில் அடித்தது. பாதி தாண்டியது, அதற்கு மேலும் போயிற்று. மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் பட்டை தோண்டத் தொடங்குவது காலில் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் ஆசைப்பட்டால் குழிதான். இடப்பக்கம் சாய்ந்தேன். வண்டி சரிவுக்குக் குறுக்கே வந்து ஒரு கணம் மெதுவானது. அந்த ஒரு கணத்தில் தலையைத் தூக்கினேன். கீழே ஆறு முழுவதும், அதன் வளைவுகளோடு, வெயிலில் கிடந்தது. பிறகு மூக்கைக் கீழே திருப்பி இறங்கினேன். ஹெல்மெட்டுக்குள் நான் போட்ட கூச்சலை நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை.

அடுத்து கெண்டல். என் தடத்தை ஒட்டியே ஏறினான். அவன் வண்டிக்கு அந்தச் சரிவு ஒரு பொருட்டே அல்ல. ஆனால் நான் திரும்பிய இடம் வந்ததும் அவனும் இடப்பக்கம் சாய்ந்தான். அந்த நீளத்துக்கு அந்த இடம் போதுமா? வண்டி பாதி திரும்பியது, பின்பக்கம் அமிழ்ந்தது, நின்றது.

மார்பில் மாட்டிய ரேடியோவில் உச்சியிலிருந்து எட்டிப் பார்த்த வெர்லின் குரல் வந்தது.

"டேய், வண்டி ஏதாச்சும் போச்சா?"

"இல்ல."

"அப்புறம் ஏன்டா மேல வராம அங்க நிக்கற?"

"லனெட் திரும்பின எடத்துல திரும்பிப் பாக்கலாம்னு."

"உன் மூளையக் கொண்டுபோய் அடகு வெய்யி," என்றான் வெர்ல்.

நான் பொத்தானை அமுக்கினேன். "அந்த வண்டி அங்க திரும்பாது கெண்டல். நீளம்."

"இப்பத்தான் தெரியுது."

யாரும் போக முடியாது. அவனே தோண்ட வேண்டும். மேலே சின்னதாக, ஒரு புள்ளியாக, மண்வெட்டியை வீசிக்கொண்டிருந்தான். பதினைந்து நிமிடம் கழித்து வீச்சு நின்றது. இருக்கையின்மேல் உட்கார்ந்து, ஹெல்மெட்டைக் கழற்றுவது தெரிந்தது. ரேடியோ கரகரத்தது.

"லனெட். இங்கேருந்தே ஆறு முழுசா தெரியுது."

"தெரியும்," என்றேன். "பாத்துட்டுத்தான் எறங்கினேன்."