போணி வாங்கிய கை

தட்டில் ஊற்றிய டீயை உறிஞ்சாமலே கீழே வைத்தார் தீரஜ்லால். நானும் கடைக்கு வரட்டுமா என்று மருமகள் ஊர்வி மறுபடியும் கேட்டுவிட்டாள்.

"நம்ம கல்லா மெத்தையில பொம்பளை உக்காந்ததில்ல வஹு. லட்சுமி கோவிச்சுக்குவா."

லட்சுமியே பொம்பளைதான் என்பதை அவரிடம் யாரும் சொன்னதில்லை போலும். அந்தக் கடைக்கு அவர் தாத்தா வைத்த சட்டம் இரண்டு. கல்லாவில் பெண் உட்காரக் கூடாது. முதல் போணியை வாங்கியவர் விளக்கு வைக்கும்வரை கல்லாவை விட்டு எழக் கூடாது. எழுந்தால் லட்சுமியும் கூடவே எழுந்து போய்விடுவாளாம்.

மகன் நிமேஷுக்குப் பெண் தேடியபோது எம்.பி.ஏ. படித்தவள்தான் வேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றது ஜாம்நகரில் எங்கள் தெருவுக்கே தெரியும். கல்யாணம் முடிந்ததும் அவள் பட்டத்தைக் கண்ணாடி போட்டுக் கடைச் சுவரில், பிள்ளையாருக்குப் பக்கத்தில் மாட்டினார். தினமும் ஊதுவத்தி வேறு. பட்டம் கடையில் இருந்தது. படித்தவள் அடுப்படியில் காக்ரா ரொட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். அநியாயத்துக்கு வேறு பெயர் உண்டா?

கடையோ பாந்தினிச் சேலைக் கடை. வருபவர்கள் எல்லாரும் பெண்கள். மெத்தையில் அப்பாவும் பிள்ளையும் கொட்டாவி விட, வந்தவர்கள் எதிர்க்கடைக்கு நகர்ந்தார்கள். இப்படியே போனால் அடுத்த தீபாவளிக்குக் கடை இருக்காது என்று ஊர்விக்கு வயிறு எரிந்தது.

"அப்ப எதுக்கு பப்பாஜி எம்.பி.ஏ. பொண்ணு வேணும்னு கேட்டீங்க?"

"வீட்டுல வெள்ளி விளக்கு இருந்தா கௌரவம். அதுக்காக தினமும் ஏத்துவாங்களா?"

மறுநாள் காலை அவர் கோயிலுக்குப் போன சமயம், ஊர்வி கடைக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லா மெத்தையில் சம்மணமிட்டாள். நிமேஷ் பார்க்காததுபோல் சேலை மடித்துக்கொண்டிருந்தான், புண்ணியவான்.

தீரஜ்லால் திரும்பி வந்தபோது, மகளுக்குக் கல்யாணச் சேலை எடுத்த ஓர் அம்மாள் ஊர்வியின் கையில் பணத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதுதான் அன்றைய முதல் போணி.

அவருக்கு முகம் சிவந்தது. எழுந்திரு என்ற சொல் வாய் வரை வந்தது, தாத்தாவின் இரண்டாவது சட்டம் விடவில்லை. கிட்டே போய்க் குனிந்து பல்லைக் கடித்தார்.

"இதத்தான் எம்.பி.ஏ.ல சொல்லிக் குடுத்தாங்களா?"

"இல்ல பப்பாஜி. எந்தக் கடைக்குப் போனாலும் அந்தக் கடைச் சட்டத்த முதல்ல நல்லாத் தெரிஞ்சுக்கோன்னு சொன்னாங்க."

விளக்கு வைக்கும்வரை தீரஜ்லால் சுவரோரம் ஸ்டூலில், பட்டத்துக்கும் பிள்ளையாருக்கும் கீழே உட்கார்ந்திருந்தார். வந்த பெண்கள் அவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சேலை வாங்கிப் போனார்கள். அவருக்கு ஊதுவத்தி காட்டத்தான் ஆளில்லை.